ஊர் இரண்டுபட்ட இறுதி ஆட்டம்: ஹல், 1980

8 ஜூன் 2025, காலை (கேள்வி)

நேற்று லண்டன் வெம்பிளி மைதானத்தில், இங்கிலாந்தின் ஹல் நகரத்து ரக்பி அணியான ஹல் கேஆர் வாரிங்டன் அணியை 8-6 என்று வென்று சேலஞ்ச் கோப்பையை வாங்கிவிட்டது. இதே கோப்பையை இதற்கு முன் அவர்கள் வாங்கியது 1980இல், அதுவும் சொந்த ஊர்ப் பங்காளியான ஹல் எஃப்சியைத் தோற்கடித்து என்று படித்தேன். எஃப்சிக்காகக் கோல் உதைக்கும் சாமி லாய்ட் அன்று சொதப்பியதால்தான் தோற்றார்கள் என்கிறார்களே, அப்படித்தானா? ஹல்லில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். இன்னொன்று, ரக்பி என்றால் 15 பேர்தானே, இதில் ஏன் 13?

8 ஜூன், இரவு

ஹல்லில்தான் இருக்கிறேன், 2009லிருந்து. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். 15 பேர் ஆடுவது யூனியன், 13 பேர் ஆடுவது லீக். ஆட்டத்துக்காக வேலையை விட்டு வரும் தொழிலாளிக்கு அன்றைய கூலியை ஈடுகட்டலாமா என்ற தகராறில் 1895இல் வட இங்கிலாந்துக் கிளப்புகள் தனியே பிரிந்து போயின. அதன் பிறகு விதிகளும் வேறாகிவிட்டன. "இரண்டும் ஒன்றுதானே" என்று இந்த ஊரில் வந்து கேட்டுவிடாதீர்கள். வந்த முதல் மாதத்தில் நான் கேட்டேன். யாரிடம் கேட்டேனோ அவர் எனக்காகப் போட்டு வைத்த டீயையே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சரி, 1980. மே 3, சனிக்கிழமை. ஹல் கேஆர் 10, ஹல் எஃப்சி 5. பார்க்க வந்தவர்கள் 95,000 பேர். இந்த ஊரிலிருந்து லண்டன் ஏறக்குறைய 320 கிலோமீட்டர். ரயில், பஸ், வேன் என்று கிடைத்ததில் ஏறிப் போனார்கள். ஊரை விட்டு மேற்கே போகும் ஏ63 சாலையில், கிளைவ் சல்லிவன் வே ஓரமாக, யாரோ ஒரு அட்டை எழுதி வைத்திருந்தார்களாம்: கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும்.

ஊரின் நடுவில் ஹல் ஆறு ஓடுகிறது. மேற்கே எஃப்சி, கறுப்பு வெள்ளை. ஹெஸில் ரோடு, மீன்பிடிக் குடும்பங்கள். கிழக்கே கேஆர், இங்கே ரோவர்ஸ் என்றுதான் சொல்வார்கள், சிவப்பு வெள்ளை. அந்தப் பக்கம் கப்பல் துறைகள், துறைமுகக் கூலிகள். எஃப்சி தொடங்கியது 1865, ரோவர்ஸ் 1882. ஆறு ஒன்றும் பெரிய ஆறு இல்லை. பாலத்தில் நடந்தால் இரண்டு நிமிடம்.

லாய்ட் விஷயம் நீளமானது. நாளை எழுதுகிறேன், இரவு வேலை இருக்கிறது.

9 ஜூன், காலை

தப்பு செய்துவிட்டேன். அட்டை இருந்தது ஏ63இல்தான். ஆனால் 1980இல் அந்தச் சாலைக்குக் கிளைவ் சல்லிவன் பெயர் கிடையாது. எப்படி இருக்கும்? அவர் அன்று வெம்பிளியில் ரோவர்ஸுக்கு விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில், ஆடிக்கொண்டிருந்தார்! அவர் 1985இல் காலமான பிறகு வைத்த பெயர் அது. தினமும் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் போகிறவனுக்கு எல்லாக் காலத்திலும் அது அங்கேயே இருந்ததாகத் தோன்றிவிடுகிறது.

9 ஜூன், இரவு

லாய்டுக்கு முன்னால் இரண்டு கிழவர்களைச் சொல்லியாக வேண்டும், எனக்குத் தெரிந்தது பாதி அவர்களிடம் கேட்டது.

ஆறு வருடம் ஊரின் மேற்குப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தேன். காலைச் சாப்பாட்டு மேசை ஒன்றில் எதிரெதிரே இருவர். ஒருவர் எஃப்சி, மீன்பிடிக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். மற்றவர் ரோவர்ஸ், கிழக்குத் துறையில் மூட்டை இறக்கியவர். பிள்ளைகள் மேற்கே குடியிருப்பதால் இங்கே வந்து மாட்டிக்கொண்டதாக வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார்.

முதல் நாள் நான் எஃப்சிக்காரர் தட்டில் பேக்கன், அதாவது பன்றி இறைச்சித் துண்டு, வைத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. முள்கரண்டியால் அதை மெதுவாகத் தள்ளித் தள்ளி, தட்டின் விளிம்பைத் தாண்டி, மேசை விரிப்பைத் தாண்டி, எதிரில் இருப்பவர் தட்டோரம் கொண்டுபோய் நிறுத்தினார். உடம்புக்கு ஆகாதா என்று கேட்டேன். எதிரில் இருந்தவர்தான் பதில் சொன்னார்: "கலரைப் பார்." சிவப்பும் வெள்ளையும்! எஃப்சிக்காரர்கள் பேக்கன் தின்ன மாட்டார்கள் என்பது ஊர் முழுக்கச் சொல்லும் பழைய வேடிக்கை. அதை நிஜமாகவே கடைப்பிடித்தவர் என்று நான் கண்ணால் பார்த்தது அவர் ஒருவரைத்தான். ரோவர்ஸ்காரருக்கு வருடக் கணக்கில் இரட்டைப் பங்கு. ரத்தக் கொதிப்பு ஏறியதற்குக் காரணம் எஃப்சி என்பார்.

11 ஜூன்

இப்போது லாய்ட்.

முதலில் அந்தக் காலப் புள்ளிக் கணக்கு. டிரை என்பது பந்தை எதிரியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் அழுத்துவது. இன்று அதற்கு 4 புள்ளி, 1983 வரை 3தான். டிரை போட்ட பிறகு அதை ஒட்டிக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் கன்வர்ஷனுக்கு 2, எதிரணி முறை தவறினால் கிடைக்கும் பெனால்டி கோலுக்கு 2. ஓடுகிற ஆட்டத்தில் பந்தைத் தரையில் தட்டி உதைக்கும் டிராப் கோலுக்கு 1.

அன்று இரு பக்கமும் டிரை ஒன்றே ஒன்று. ரோவர்ஸுக்கு ஸ்டீவ் ஹப்பர்ட், எஃப்சிக்கு டிம் வில்பி. ஹப்பர்ட் கோல் மூன்று, லாய்ட் கோல் ஒன்று, ரோஜர் மில்வர்ட் டிராப் கோல் ஒன்று. கூட்டிப் பாருங்கள், 10-5 வரும்.

ஹப்பர்ட் டிரை போட்டு முடித்த பிறகு எஃப்சி ஆள் ஒருவர் வந்து அவர் மேல் விழுந்தார். விதி என்ன சொல்கிறது என்றால், டிரை போடுகிறவனை அப்படி முறை தவறி அடித்தால், கன்வர்ஷன் உதைத்து முடிந்த பிறகு கம்பங்களுக்கு நேரெதிரே வைத்து இன்னொரு உதை உண்டு. ஹப்பர்ட் கன்வர்ஷனைத் தவறவிட்டார். நேரெதிர் உதையைப் போட்டுவிட்டார். அதாவது விட்டதைத் திருப்பிக் கையில் கொடுத்தது எஃப்சியேதான்.

இதை எனக்குப் புரியவைத்தவர் எஃப்சிக்காரர். உப்புப் புட்டி ஒரு கம்பம், பழுப்புச் சாஸ் புட்டி இன்னொரு கம்பம், சர்க்கரைக் கட்டிதான் பந்து. முதலில் கட்டியை மேசையின் ஓரத்தில் வைத்து விரலால் சுண்டினார். சாஸ் புட்டிக்கு வெளியே போனது. "இது கன்வர்ஷன்." அதே கட்டியை எடுத்துப் புட்டிகளுக்கு நட்டநடுவே, ஒரு சாண் தூரத்தில் வைத்தார். "இது நாங்கள் கொடுத்தது. இதை என் பாட்டி போடுவாள்." சுண்டினார். நேராகப் போய் ரோவர்ஸ்காரர் டீயில் விழுந்தது. அவர் ஒரு கலக்குக் கலக்கிக் குடித்துவிட்டு நன்றி சொன்னார்.

ஆகவே கேள்வி கேட்டவருக்கு: இடைவெளி 5 புள்ளி. அதில் 2 அந்த நேரெதிர் உதை. 2 வில்பியின் டிரைக்கு லாய்ட் விட்ட கன்வர்ஷன். 1 மில்வர்ட்டின் டிராப் கோல். 2ம் 2ம் 1ம் ஐந்து. லாய்டின் தலையில் முழுப் பழியையும் போடுவது கணக்குக்கு ஒத்துவரவில்லை.

11 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியது வக்கீல் வாதம் போலப் போய்விட்டது. லாய்ட் அன்று வேறு உதைகளையும் விட்டார், எஃப்சிக்காரரே அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். கணக்கில் அதையும் சேர்த்தால் கதை வேறு. ஆனால் ஒன்று. 1978-79இல் எஃப்சி இரண்டாம் டிவிஷனில் 26 ஆட்டங்களில் 26ஐயும் வென்று மேலே வந்தது, அந்த சீசனில் லாய்ட் போட்ட கோல் 170. அது கிளப் சாதனை. அவர் கால் இல்லாமல் வெம்பிளி எங்கே, இவர்கள் எங்கே? ஊர் ஞாபகம் வைத்திருப்பது மட்டும் உள்ளே போகாத உதைகளை.

12 ஜூன்

"இன்றைய கணக்குப்படி டிரைக்கு 4 என்றால் முடிவு மாறியிருக்குமா?" என்று கேட்டவருக்கு: 11-6. இடைவெளி அதே ஐந்து. போய்த் தூங்குங்கள்.

15 ஜூன்

மில்வர்ட்டைப் பற்றி ஒரு வரியில் விட்டது நியாயம் இல்லை என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். நியாயம்தான்.

உயரம் 5 அடி 4 அங்குலம். காசில்ஃபோர்டில் பிறந்தவர், 1966இல் ரோவர்ஸுக்கு வந்தார், 1977லிருந்து ஆட்டக்காரரும் அவரே, கோச்சும் அவரே. வெம்பிளியில் கேப்டனும் அவரே. ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, பந்து கையை விட்டுப் போன பிறகு எதிரணி ஆள் வந்து வீழ்த்திய ஒரு டேக்கிளில் தாடை உடைந்தது. வெளியே போகவில்லை. அதே தாடையோடு இடைவேளைக்குச் சற்று முன் டிராப் கோல் போட்டார். இடைவேளையில் 8-3. மீதி ஆட்டத்தையும் ஆடி முடித்து, படியேறிப் போய் எலிசபெத் ராணியின் தாயார் கையிலிருந்து கோப்பையை வாங்கினார். பிறகு வந்த ஒரு அடி தாடையைத் திரும்ப இடத்தில் உட்காரவைத்தது என்று ஒரு கதையும் உண்டு. ரோவர்ஸ்காரர் அதை வேதவாக்காகச் சொல்வார். எஃப்சிக்காரர் உடனே, "அதற்கும் எங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்" என்பார்.

அதன் பிறகு பெரிய ஆட்டம் எதுவும் அவர் ஆடவில்லை. திரும்பி வரப் பார்த்தபோது தாடை மறுபடி உடைந்தது. கோச்சாக 1991 வரை இருந்தார்.

முன்பெல்லாம் இந்தக் கதையைக் கேட்டால் எனக்கும் மயிர்க்கூச்செறியும். இப்போது அப்படி இல்லை. இல்லத்தில் வேலை பார்த்த காலத்தில் இளமையில் இந்த ஆட்டம் ஆடிய இரண்டு மூன்று பேரைக் குளிப்பாட்டியிருக்கிறேன். கைவிரல்கள் ஆளுக்கொரு திசையில் நிற்கும். பெயரைக் கேட்டால் யோசிப்பார்கள். அவர்களையும் ஒரு காலத்தில் யாரோ "விழுந்தாலும் எழுந்து ஆடினான்" என்று தோளில் தூக்கியிருப்பார்கள். இன்று தலையில் அடிபட்டவனை வெளியே கூப்பிட்டுப் பார்க்கிறார்கள், தேறாவிட்டால் திரும்ப விடுவதில்லை. ரோவர்ஸ்காரருக்கு அது பிடிக்காது. எனக்குப் பிடித்திருக்கிறது.

16 ஜூன்

நேற்று எழுதியது மில்வர்ட்டைக் குறைத்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்றைய ஆட்ட நாயகனுக்கான லான்ஸ் டாட் கோப்பைகூட அவருக்குப் போகவில்லை, ரோவர்ஸின் முன்வரிசைக்காரர் பிரையன் லாக்வுட் வாங்கினார். தாடைக் கதையில் லாக்வுட் பெயர் எங்கோ கரைந்துபோய்விட்டது. நானே நேற்று விட்டுவிட்டேன் பாருங்கள்.

22 ஜூன்

கிளைவ் சல்லிவன் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இந்த இழையில் எனக்குப் பிடித்த ஆள் அவர்தான், அதனால் கொஞ்சம் நீளும்.

கார்டிஃபில் பிறந்த கறுப்பர். 1961இல் எஃப்சிக்கு வந்து 250 டிரை போட்டார். 1974இல் ஆற்றைத் தாண்டி ரோவர்ஸுக்குப் போய் 118 போட்டார். நடுவில் 1972இல் பிரிட்டன் அணிக்குக் கேப்டனாக உலகக் கோப்பையை வாங்கினார். பிரான்சின் லியோனில் ஆஸ்திரேலியாவோடு நடந்த இறுதி ஆட்டம் 10-10 என்று சமனில் முடிந்து, முந்தைய ஆட்டங்களின் கணக்கில் கோப்பை பிரிட்டனுக்கு வந்தது. அந்த ஆட்டத்தில் தன் பக்கத்துக் கோட்டருகே பந்தை எடுத்து மைதானம் முழுக்க ஓடி ஒரு டிரை போட்டார். பிரிட்டனின் எந்த விளையாட்டிலும் தேசிய அணிக்குக் கேப்டனான முதல் கறுப்பர் அவர்தான்.

1980இல் ரோவர்ஸுக்கு ஆடியபோது வயது 37. எதிரில் நின்றது தான் பதின்மூன்று வருடம் உழைத்த கிளப். இத்தோடு முடிந்தது என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். 1982இல் எஃப்சிக்கே திரும்பி வந்துவிட்டிருந்தார். அந்த வருடம் வெம்பிளியில் எஃப்சியும் விட்னெஸும் 14-14 என்று நின்றுபோய், லீட்ஸின் எல்லண்ட் ரோடில் மறு ஆட்டம். அதற்கு 39 வயது சல்லிவனைக் கூப்பிட்டு இறக்கினார்கள். எஃப்சி 18-9. ஆக இரண்டு கரைக்கும் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். அதற்கு மூன்று வருடம் கழித்துப் புற்றுநோயில் போய்விட்டார், 42 வயது.

இரண்டு கிழவர்களும் ஒத்துப்போன ஒரே விஷயம் அவர்தான். அதிலும் சண்டை இல்லாமல் இல்லை. "எங்களிடம் 250" என்பார் ஒருவர். "உங்களிடம் சும்மா ஓடினார், எங்களிடம் வந்துதான் கோப்பை வாங்கினார்" என்பார் மற்றவர். 1982 என்று முதலாமவர் ஆரம்பித்தால் மற்றவர் காதுக் கருவியைக் கழற்றி மேசை மேல் வைத்துவிடுவார்.

சாலைக் கணக்கில் இன்னொன்று. 2018இல் ஏ63இன் கிழக்குத் துண்டு ஒன்றுக்கு ரோஜர் மில்வர்ட் பெயர் வைத்தார்கள். மேற்கிலிருந்து ஊருக்குள் வந்தால் முதலில் சல்லிவன், அப்புறம் மில்வர்ட். 1980இல் விளக்கை அணைக்கச் சொன்ன அதே சாலைதான். லாரி நெரிசலும் அதே நெரிசல்தான்.

23 ஜூன்

"ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்" என்று ஒருவர் போட்டிருக்கிறார். இங்கே கூத்தாடி யார்? 1980இல் அந்த ஆட்டத்தன்று ஊரில் திறந்திருந்த கடை எதுவும் இல்லை. ஐஸ்லாந்து 200 கடல் மைலைத் தன்னுடையது என்று வளைத்துக்கொண்டதும், 1976இல் காட் மீன் தகராறில் பிரிட்டன் விட்டுக் கொடுத்ததும் ஹெஸில் ரோட்டுக்காரர்கள் வயிற்றில் அடித்தன. 1980இல் எஃப்சிக்காரருக்குக் கப்பல் இல்லை. பயணச் செலவுக்குக் கைக்கடிகாரத்தை அடகு வைத்தாராம். "மீட்டேன், ஆனால் கட்டவில்லை" என்றார். ஏன் என்று கேட்டேன். மணி பார்த்தால் அந்த ஆட்டத்தில் இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்றே தோன்றுமாம்.

3 ஜூலை

எஃப்சிக்காரர்கள் வெம்பிளியை நினைத்து ஏன் அவ்வளவு புழுங்கினார்கள் என்று கேட்டால், 1980 ஒன்றால் மட்டும் இல்லை. 1959இல் தோல்வி, 1960இல் தோல்வி, 1980, 1983, 1985, 2008, 2013. எல்லாம் அதே மைதானத்துப் பெயரில். 1982 கோப்பை லீட்ஸில் வாங்கியது, 2005 கோப்பை கார்டிஃபில் வாங்கியது. வெம்பிளியில் மட்டும் 2016 வரை கிடையாது. "வெம்பிளியில் உங்களால் ஜெயிக்கவே முடியாது" என்று ரோவர்ஸ் ரசிகர்கள் ராகம் போட்டே பாடுவார்கள்.

2016இல் வாரிங்டனோடு வெம்பிளியில் இறுதி ஆட்டம். நான் அந்த வேலையை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது, அன்று மட்டும் போய் எஃப்சிக்காரர் அறையில் உட்கார்ந்தேன். 12-10 என்று எஃப்சி முன்னே. கடைசி நேரத்தில் வாரிங்டனின் பென் கரி கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைக்கப் போகிறார், டேனி ஹௌட்டன் அந்தப் பந்தைத் தட்டி உதிர்த்துவிட்டார். என்னை விட்டுவிடுங்கள், எஃப்சிக்காரருடைய கையைச் சொல்கிறேன். போர்வையின் ஓரத்தை இறுகப் பிடித்திருந்த கை, விசில் ஊதிய பிறகும் விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். 36 வருடமாகப் பிடித்திருந்தது போல இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டது: "எதிரில் இருந்தவன் இருந்தால் என்ன சொல்லியிருப்பான்?" ரோவர்ஸ்காரர் அதற்கு முந்தைய குளிர்காலத்தில் போய்விட்டார். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், காதுக் கருவியைக் கழற்றியிருப்பார் என்றேன்.

4 ஜூலை

"ரோவர்ஸுக்கு 45 வருடம் என்ன ஆயிற்று?" இறுதி ஆட்டத் தோல்விகள்தான்: 1981இல் விட்னெஸிடம் 18-9, 1986இல் காசில்ஃபோர்டிடம் ஒரே புள்ளியில், 15-14. 2015இல் லீட்ஸிடம் 50-0, அதைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. 2023இல் லீயிடம் கூடுதல் நேரத்தில் 17-16. இந்த வருடம்தான் கிடைத்தது. கடைசி நிமிடங்களில் 6-2 என்று பின்னே இருந்து டாம் டேவிஸ் டிரை, மைக்கி லூயிஸ் கன்வர்ஷன், 8-6. எதிரணியில் லான்ஸ் டாட் வாங்கியவர் யார் தெரியுமா? மார்க் ஸ்னெய்ட். 2016லும் 2017லும் அதை எஃப்சிக்காக வாங்கியவர்! பழைய எஃப்சி ஆளைத் தாண்டித்தான் கோப்பை வாங்க வேண்டும் என்று ரோவர்ஸ் தலையில் எழுதியிருக்கிறது போல.

12 அக்டோபர்

நேற்று மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபர்டில் நடந்த கிராண்ட் ஃபைனலில், அதாவது லீக் சீசனின் இறுதி ஆட்டத்தில், ரோவர்ஸ் விகனை 24-6 என்று தோற்கடித்துவிட்டது. கோப்பை, லீக் முதலிடம், கிராண்ட் ஃபைனல், மூன்றும் ஒரே வருடத்தில். என் தெருவில் இரவு முழுக்க ஹாரன். ஆமாம், நான் இப்போது கிழக்குப் பக்கம்தான் குடியிருக்கிறேன், வாடகை குறைவு. எஃப்சிக்காரர் உயிரோடு இருந்திருந்தால் என் முகத்தில் விழித்திருக்க மாட்டார்.

தூக்கம் வராமல் இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். ஒன்று உறுத்தியது. அந்த நேரெதிர் உதையை "பாட்டி போடுவாள்" என்று அவர் சொன்னதை அப்படியே நம்பி, ஹப்பர்ட்டுக்கு அதில் ஒரு பெருமையும் இல்லை என்பது போல எழுதிவிட்டேன். காலையில் எழுந்து உப்புப் புட்டியையும் சாஸ் புட்டியையும் ஒரு சாண் இடைவெளி விட்டு வைத்தேன். சர்க்கரைக் கட்டியை நட்டநடுவில் வைத்துப் பத்துத் தடவை சுண்டினேன். மூன்று வெளியே போனது. பார்த்துக்கொண்டிருந்தது என் பெண் ஒருத்திதான், 95,000 பேர் இல்லை.